ராஜா ரவி வர்மா: அரண்மனை ஓவியர் ஒரு 'பிராண்ட்' ஆனது எப்படி?

ஆடம்பர பிராண்டுகளின் லோகோவை ரெசின் சிற்பங்களில் பதித்து, நாம் காசு கொடுப்பது கலைக்கா, பெயருக்கா என்று கேட்கிறார்கள் இன்றைய கலைஞர்கள். இதே சிக்கலை 1890களிலேயே சந்தித்தவர் ராஜா ரவி வர்மா. அவர் கையில் இருந்தது ரெசின் இல்லை, அச்சு மெஷின்.

யார் இவர்?

1848ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் தேதி கிளிமானூரில் பிறந்தவர். இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் அப்போது அதே திருவிதாங்கூர் சமஸ்தானத்தில்தான் இருந்தது. 14 வயதில் திருவனந்தபுரம் அரண்மனைக்குப் போனார். அங்கே எண்ணெய் வண்ணம் தெரிந்தவர்கள் தொழில் ரகசியத்தைச் சொல்லித் தரவில்லை. பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். 1873இல் வியன்னா கண்காட்சியில் பரிசு வாங்கியதும், சமஸ்தானங்கள் அவரைத் தேடி வரத் தொடங்கின.

அரண்மனையிலிருந்து வீட்டுச் சுவருக்கு

ஒரு ஓவியத்தை ஒரு ராஜாதான் வாங்க முடியும். மற்றவர்களுக்கு? 1894இல் மும்பையில் சொந்தமாக அச்சகம் தொடங்கினார் ரவி வர்மா. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி கல்லில் படம் வரைந்து, ஒரே தாளில் ஒன்றின் மேல் ஒன்றாக அச்சடிக்கும் முறை அது. லட்சுமியும் சரஸ்வதியும் சாதாரண வீடுகளுக்கு வந்தது இப்படித்தான். சிலர் அந்தப் படத்துச் சேலைக்கு ஜரிகையும் ஜிகினாவும் ஒட்டி அழகு பார்த்தார்கள்.

இது ஏன் முக்கியம்?

திருவிதாங்கூரில் எல்லா சாதியினரும் கோயிலுக்குள் போக அனுமதி கிடைத்தது 1936 நவம்பர் 12இல்தான். அதற்காக சுசீந்திரத்தில் போராட்டமே நடந்தது. கோயில் கதவு மூடியிருந்தவர்களுக்கும் சாமி முகத்தைக் காட்டியது அச்சுப் படம்.

லாபம் யாருக்கு?

அவருக்கு இல்லை என்பதுதான் சோகம். பிளேக், கடன் என்று அடுத்தடுத்து அடி. அச்சகம் லோனாவ்லா அருகே மளவ்லிக்கு மாறியும் தேறவில்லை. கடைசியில் ஜெர்மன் தொழில்நுட்பக்காரர் ஃபிரிட்ஸ் ஷ்லைஷரிடம் விற்றுவிட்டார். கூடவே நின்ற தம்பி ராஜ ராஜ வர்மா 1905இல் இறந்தார். 1906 அக்டோபர் 2ஆம் தேதி ரவி வர்மாவும் கிளிமானூரில் காலமானார்.

அதன்பிறகும் படங்கள் ஓடிக்கொண்டே இருந்தன. சோப்பு, தீப்பெட்டி, காலண்டர் என எதை விற்கவும் அவர் வரைந்த முகம் உதவியது. ஆனந்த குமாரசாமி போன்ற விமர்சகர்களோ, ஐரோப்பிய பாணியில் சாமியை நாடக நடிகர்போல் ஆக்கிவிட்டார் என்று கடுமையாகச் சாடினார்கள்.

இன்று?

ரவி வர்மா ஓவியங்கள் இந்தியாவின் கலைப் பொக்கிஷங்கள். 1979 முதல் அசல் ஓவியத்தை வெளிநாட்டுக்கு விற்க சட்டம் அனுமதிப்பதில்லை. அந்த அசலை நம்மில் பலர் நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் தாமரை மேல் நிற்கும் லட்சுமி என்றதும் நம் மனசுக்கு வரும் முகத்தில், அவர் கடன் வாங்கி அச்சடித்த படத்தின் சாயல் இருக்கும்.