பத்ருக்கு வராத பத்ருவாசி



புகழனைத்தும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே! மூன்றாம் கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களை நாம் எப்படி அறிந்திருக்கிறோம்? ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி மக்களுக்கு வக்ஃபு செய்தவர்கள். தபூக் படைக்கு அள்ளிக் கொடுத்தவர்கள். குர்ஆன் பிரதிகளை எழுதி ஊர்களுக்கு அனுப்பியவர்கள். ஆனால் நோயாளியின் படுக்கையருகே உட்கார்ந்திருந்த உஸ்மான் (ரலி) அவர்களை நாம் அதிகம் நினைப்பதில்லை. வாசுதேவநல்லூரில் இன்று பல வீடுகளுக்குத் தேவைப்படுவது அந்தப் பாடம்தான்.

மக்காவின் பனூ உமய்யா குடும்பத்தைச் சேர்ந்த செல்வந்த வணிகர் அவர்கள். அபூபக்ர் (ரலி) அவர்களின் அழைப்பால் ஆரம்ப நாட்களிலேயே இஸ்லாத்தை ஏற்றார்கள். நபி (ஸல்) அவர்களின் மகளார் ருகய்யா (ரலி) அவர்களை நிக்காஹ் செய்தார்கள். மக்காவில் துன்பம் எல்லை மீறியபோது, நபித்துவத்தின் 5ஆம் ஆண்டில் கணவனும் மனைவியுமாக அபீசீனியாவுக்கு ஹிஜ்ரத் போனார்கள். பின்னர் மதீனாவுக்கு ஹிஜ்ரத். சொந்த ஊரை விட்டு இரண்டு முறை கிளம்பிய தம்பதியர்.

ஹிஜ்ரி 2, ரமலான் மாதம். நபி (ஸல்) அவர்கள் சுமார் 313 தோழர்களுடன் பத்ரை நோக்கிப் புறப்படும் நேரம். ருகய்யா (ரலி) அவர்களோ கடும் நோயில் படுத்திருக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள்: ஒவ்வொரு ஆளும் தேவைப்பட்ட நேரம் அது. அப்படியிருந்தும், மனைவியைக் கவனித்துக்கொண்டு வீட்டில் இருக்கும்படி உஸ்மான் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். அதோடு விடவில்லை. சிறுவராக இருந்த உஸாமா (ரலி) அவர்களையும் துணைக்கு விட்டுச் சென்றார்கள். பார்த்துக்கொள் என்று ஒருவர் தலையில் கட்டிவிட்டுப் போகவில்லை. பார்ப்பவருக்கும் ஒரு துணை வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள்.

பத்ரின் வெற்றிச் செய்தியோடு ஸைத் (ரலி) அவர்கள் மதீனாவுக்குள் நுழைந்தபோது, ருகய்யா (ரலி) அவர்களின் கப்ரில் மண் தள்ளி முடித்திருந்தார்கள். பெற்ற மகளின் ஜனாஸாவில் நபி (ஸல்) அவர்கள் இல்லை. போர்க்களத்தில் உஸ்மான் (ரலி) அவர்கள் இல்லை. ஆனால் நபி (ஸல்) அவர்கள் போரில் நின்றவருக்குரிய கனீமத் பங்கையும் நன்மையையும் அவர்களுக்கு உண்டு என்று அறிவித்தார்கள். பின்னர் மற்றொரு மகளார் உம்மு குல்தூம் (ரலி) அவர்களையும் மணமுடித்துக் கொடுத்தார்கள். அதனால்தான் துன்னூரைன், இரு ஒளிகளுக்குரியவர் என்ற பட்டம்.

பல ஆண்டுகள் கழிந்தன. எகிப்திலிருந்து ஹஜ்ஜுக்கு வந்த ஒருவர், உஸ்மான் (ரலி) பத்ருக்கு வரவில்லையே என்பதைக் குறையாக எடுத்துப் பேசினார். இப்னு உமர் (ரலி) அவர்கள், மனைவியின் நோயையும் நபி (ஸல்) அவர்களின் கட்டளையையும் விளக்கி அனுப்பினார்கள். யார் வரவில்லை என்பது அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. ஏன் வரவில்லை என்பது தெரியவில்லை.

அந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். தொடர்ந்து ஜும்ஆவுக்கு வராத ஒரு சகோதரரைப் பற்றி மனதில் தவறாக எண்ணினேன். ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனேன். பக்கவாதத்தில் விழுந்த அத்தாவை ஒற்றை ஆளாகத் தூக்கி, துடைத்து, உடை மாற்றிக் கொண்டிருந்தார். வேறு ஆளில்லாத நிலையில் நோயாளியைக் கவனிப்பவருக்கு ஜும்ஆவுக்கு வராதிருக்க அனுமதி உண்டு என்று மத்ரஸாவில் ஓதியவன் நான். ஓதியது நினைவுக்கு வர அந்த வாசற்படியை மிதிக்க வேண்டியிருந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

சகோதரர்களே! பிள்ளைகள் திருப்பூரிலும் கேரளாவிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். பணம் வந்துவிடுகிறது; இரவில் புரட்டிப் படுக்க வைக்க ஆள் வருவதில்லை. கடைசியில் எல்லாம் ஒரு மருமகள் தலையில் விழுகிறது. மார்க்கச் சட்டப்படி பெற்றோரைக் கவனிக்கும் கடமை பிள்ளைகள் மீதுதான். மருமகள் செய்வது அவளுடைய இஹ்ஸான், உபகாரம். அதைக் கடமையாக்கி அதட்டாதீர்கள், நன்றி சொல்லுங்கள்.

அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோரும் உட்கார்ந்து முறை வைத்துக்கொள்ளுங்கள். யார் எந்த வாரம், செலவு யாருடையது, சம்பளத்துக்கு ஆள் வைப்பதா என்று பேசி முடிவெடுங்கள். படுத்த படுக்கையானவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும். 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளும், இயன்முறை சிகிச்சையும், வலி தணிப்புப் பராமரிப்பும் வீடு தேடி வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். உளூச் செய்ய முடியாதவருக்குத் தயம்மும் உண்டு, உட்கார முடியாதவர் படுத்தபடியே தொழலாம் என்பதைச் சொல்லிக் கொடுங்கள். நீங்கள் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தால், வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் உஸாமாவாகப் போய் உட்காருங்கள். அந்த மகன் ஜும்ஆவுக்கு வந்து போவார்.

ஹிஜ்ரி 35இல் கலகக்காரர்கள் முதிய வயது உஸ்மான் (ரலி) அவர்களை அவர்களின் வீட்டிலேயே வெட்டியபோது, குறுக்கே கை நீட்டித் தடுத்த மனைவி நாயிலா அவர்களின் விரல்கள் துண்டாயின. ஒரு மனைவியின் படுக்கையைக் காத்தவருக்கு, கடைசி நேரத்தில் இன்னொரு மனைவி கேடயமாக நின்றார்.

யா அல்லாஹ்! நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவாயாக. அவர்களைக் கவனிப்போரின் களைப்பை நன்மையாக எழுதுவாயாக. வராதவர்களைக் குறை பேசாமல், அவர்கள் வீட்டு வாசலுக்குப் போகும் தவ்ஃபீக்கை எங்களுக்குத் தருவாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.