ஊர்ப் பேரைக் கேட்ட பேராசிரியர்



இந்த மாத 'அறிஞர் வரலாறு' பகுதியை எழுதும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. காந்தி, பாரதி, காமராசர் மூவரையும் நம் சுவர் இதழில் ஏற்கெனவே எழுதிட்டாங்க. அதனால் நான் ஒரு தமிழ்ப் பேராசிரியரைத் தேர்ந்தெடுத்தேன். அவர்தான் 'சொல்லின் செல்வர்' ரா.பி.சேதுப்பிள்ளை. தமிழ் வகுப்பில் இவர் பேரைக் கேட்டிருப்பீங்க. ஆனா இவர் நம்ம வடசென்னைப் பக்கம் வந்து பல வருஷம் பாடம் சொன்னவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

சேதுப்பிள்ளை 1896 மார்ச் 2-ல் திருநெல்வேலி மாவட்டத்து இராசவல்லிபுரத்தில் பிறந்தார். அப்பா பிறவிப்பெருமான் பிள்ளை, அம்மா சொர்ணம்மாள். 'ரா' என்பது ஊர், 'பி' என்பது அப்பா. பெற்றோர் இராமேசுவரம் போய் சேதுவில் நீராடி வேண்டிக்கொண்ட பிறகு பிறந்த பிள்ளை என்பதால் சேது என்று பேர் வைத்தார்களாம். பாருங்க, அவர் பேருக்குள்ளேயே ஓர் ஊர் இருக்கிறது!

பாளையங்கோட்டையிலும் நெல்லையிலும் படித்துவிட்டு, பட்டப்படிப்புக்குச் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அந்தக் கல்லூரி அப்போது சேத்துப்பட்டில் இல்லை. பாரிமுனைப் பக்கம் எஸ்பிளனேடில் இருந்தது. 1940-ல்தான் சேத்துப்பட்டுக்கு மாறியது. படித்த கல்லூரியிலேயே கொஞ்ச காலம் தமிழும் கற்பித்தார். பிறகு சட்டம் படித்து நெல்லைக்குத் திரும்பி வக்கீல் ஆனார்.

அங்கே நகராட்சி உறுப்பினராகவும் துணைத் தலைவராகவும் இருந்தார். சாதாரணமா இந்தப் பதவிக்கு வந்தால் சாலை, விளக்கு, தண்ணீர்க் குழாய் என்றுதான் பேசுவாங்க. சேதுப்பிள்ளையோ தெருப் பெயர்களையும் கவனித்தார். சிதைந்துபோன பெயர்களுக்கு உண்மையான வடிவம் எது என்று தேடிக் கண்டுபிடித்து, அதையே வழங்கும்படி செய்தார். பிற்காலத்தில் அவர் எழுதிய பெரிய புத்தகத்துக்கு விதை இங்கேதான் விழுந்தது என்று நான் நினைக்கிறேன்.

வக்கீல் தொழிலைவிடத் தமிழே அவரை இழுத்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆறு ஆண்டுகள் பணி செய்தார். 1936-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். கடற்கரைச் சாலையில் செனட் மண்டபத்தோடு நிற்கிறதே, 1857-ல் தொடங்கிய அதே பல்கலைக்கழகம்தான். அது ஒரு பொற்காலம் என்று சொல்லலாம். வையாபுரிப் பிள்ளையின் தலைமையில் தமிழ்ப் பேரகராதி ஆறு தொகுதிகளாக 1936-ல் நிறைவடைந்தது. வரலாற்றுத் துறையில் நீலகண்ட சாஸ்திரி கல்வெட்டுகளைக் கொண்டு சோழர் சரித்திரத்தை எழுதிக்கொண்டிருந்தார். இந்தச் சூழலில்தான் சேதுப்பிள்ளை உழைத்தார். வையாபுரிப் பிள்ளைக்குப் பின் தமிழ்த் துறைத் தலைவரும் ஆனார்.

அவர் பல்கலைக்கழகச் சுவருக்குள்ளேயே இருந்துவிடவில்லை. இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். தங்கசாலைத் தமிழ் மன்றத்தில் ஐந்து ஆண்டுகள், வாரம் ஒரு நாள் திருக்குறள் விளக்கம் சொன்னார். தங்கசாலை என்றால் நாம மிண்ட் என்று சொல்லி பஸ் ஏறுகிறோமே, அந்த இடம்தான். கந்தகோட்டத்து மண்டபத்தில் ஐந்து ஆண்டுகள் கந்தபுராணம். கோகலே மன்றத்தில் மூன்று ஆண்டுகள் சிலப்பதிகாரம். கல்லூரி வாசலை மிதிக்காதவர்களும் வந்து உட்கார்ந்து கேட்கக்கூடிய இடங்கள் இவை. எதுகையும் மோனையும் துள்ளும் அவர் பேச்சுக்காகத் தருமபுரம் ஆதீனம் 1950-ல் 'சொல்லின் செல்வர்' என்ற பட்டத்தைக் கொடுத்தது.

அவர் எழுதிய புத்தகங்கள் இருபதுக்கும் மேல். சைவ இலக்கியத்தில் ஊறியவர், கிறிஸ்தவத் தமிழ்த் தொண்டர்களைப் பற்றியும் கால்டுவெல்லைப் பற்றியும் மனமுவந்து எழுதினார். 'தமிழ் இன்பம்' என்ற நூலுக்கு 1955-ல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. தமிழுக்குக் கிடைத்த முதல் சாகித்திய அகாதமி விருது அதுதான்.

ஆனா என் மனசில் நிற்பது 1946-ல் வந்த 'ஊரும் பேரும்'. மலையும் காடும் வயலும் கடலும் ஊர்களுக்குப் பேர் தந்ததையும், குடிகளும் படைகளும் அரசர்களும் கோயில்களும் பேர் தந்ததையும் அதில் விளக்கியிருக்கிறார். ராஜாவின் வரலாற்றைச் சொல்லக் கல்வெட்டு இருக்கிறது. சாதாரண ஜனங்களின் வரலாற்றுக்கு? அவர்கள் வாயில் வழங்கும் ஊர்ப் பெயரே சாட்சி.

அவர் வழியில் நம்ம பக்கத்தைப் பார்த்தேன். காலடிப்பேட்டை என்றதும் 'யாருடைய காலடி?' என்று கிண்டல் பண்ணுவோம். 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த காலெட் என்பவர் நெசவாளர்களைக் குடியேற்றிய பேட்டை அது. காலெட்டைத்தான் மக்கள் நாக்கு காலடி ஆக்கியது. எண்ணூரில் முகத்துவாரக்குப்பம் என்றால் ஆறு கடலில் கலக்கும் இடத்துக் குப்பம். தாழங்குப்பத்தில் தாழை இருக்கிறது. குப்பம் என்றால் மீனவர் குடியிருப்பு, குப்பை இல்லை!

இன்னொன்று. தொண்டியிலிருந்து வந்த குணங்குடி மஸ்தான் சாகிபைத் 'தொண்டியார்' என்று மக்கள் அழைத்ததால்தான் தண்டையார்பேட்டை என்று பேர் வந்தது என்பார்கள். அவர் மறைந்தது 1838-ல். ஆனா கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழும்பூர், புரசைவாக்கத்தோடு தண்டையார்பேட்டையும் 1693-லேயே கிடைத்துவிட்டது. அப்போ கணக்கு இடிக்கிறதே! அதற்காகக் கதையைத் தூக்கிப் போட வேண்டாம். அந்த ஞானியை நம்ம மக்கள் எவ்வளவு நேசித்தாங்க என்பதற்கு அது அடையாளம். ஆண்டையும் பார்க்கணும், அன்பையும் பார்க்கணும். இதைத்தான் நான் கற்றுக்கொண்டேன்.

இதெல்லாம் இப்போ எதற்கு என்று கேட்கலாம். வெளியே ஒரு பேச்சுப் போட்டிக்குப் போனபோது, நான் என் ஊரைச் சொன்னதும் சிலர் மூக்கைப் பொத்திச் சிரித்தார்கள். அவர்களுக்கு நம்ம பகுதி என்றால் புகையும் கன்டெய்னர் லாரியும்தான். இன்னொரு பக்கம், நம் கரையைக் கடல் அரித்துக்கொண்டே வருகிறது. வீடுகளைக் கடலுக்குக் கொடுத்த குப்பங்கள் நம்மிடம் உண்டு. ஊர் கரைந்தாலும் பேர் இருந்தால் அங்கே மனிதர்கள் வாழ்ந்தது தெரியும். பேரும் போனால்?

பேரைத் திருத்துவதும் எளிதில்லை. 2020-ல் தமிழ்நாடு அரசு 1018 ஊர்களின் பேரைத் தமிழ் உச்சரிப்புப்படி ஆங்கிலத்தில் எழுத ஆணையிட்டது. எழுத்துக்கூட்டலில் குழப்பம் எழுந்ததால் சில நாட்களில் திரும்பப் பெற்றது. சேதுப்பிள்ளை போல ஊரையும் நூலையும் ஒருசேரக் கற்றவர்கள் இன்றும் தேவை.

பல்கலைக்கழகத்தில் 25 ஆண்டுகள் பணியாற்றிய அவர் 1961 ஏப்ரல் 25-ல் காலமானார். தாயின் பேரில் அவர் நிறுவிய சொர்ணம்மாள் அறக்கட்டளைச் சொற்பொழிவு பல அறிஞர்களுக்கு மேடை ஆனது.

தோழர்களே, நாமும் ஒரு சின்ன வேலை செய்வோமா? இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் தாத்தா, பாட்டி, ஆயாவிடம் உங்க தெருவுக்கு ஏன் அந்தப் பேர், அதற்கு முன்னாடி என்ன பேர் என்று கேளுங்க. சொன்னதை அப்படியே ஒரு தாளில் எழுதி, சொன்னவர் வயதையும் குறித்து, இந்தச் சுவர் இதழ் பெட்டியில் போடுங்க. அடுத்த இதழில் நம்ம ஊர்களின் 'ஊரும் பேரும்' வரட்டும்!

— பதினோராம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி