பொட்டு கட்ட பயந்து ஓடி வந்த சிறுமிகள்: வீட்டு கதவை திறந்த டாக்டர் அம்மா!

சென்னை அடையாறு அவ்வை இல்லம் எப்படி வந்தது தெரியுமா?

புதுக்கோட்டையில் 1886-ம் ஆண்டு பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தாயார் சந்திரம்மாள் தேவதாசி குலத்தவர். 1927-ல் சென்னை சட்டசபை துணைத்தலைவரான அவர், சின்னஞ்சிறு பெண் பிள்ளைகளை கோவிலுக்கு பொட்டு கட்டி விடுவதை நிறுத்தணும் என்று தீர்மானம் கொண்டு வந்தார். பெரிய பெரிய ஆளுங்களே முட்டுக்கட்டை போட்டனர். 1930-ல் காந்திஜி கைதானதை கண்டித்து பதவியை தூக்கி எறிந்தார்.

அந்த சமயம்தான் பொட்டு கட்டுக்கு தப்பிய 3 சிறுமிகள் வாசலில் வந்து நின்றனர். விடுதிகள் கைவிரித்தன. தன் வீட்டிலேயே சேர்த்துக்கொண்டார். அதுதான் அவ்வை இல்லமாக வளர்ந்தது.

தடை சட்டம் வந்தது 1947-ல். அதற்குள் எத்தனை பிள்ளைகள் கழுத்தில் பொட்டு ஏறியதோ!

முத்துலட்சுமி 1968-ம் ஆண்டு ஜூலை 22-ந் தேதி காலமானார். வயது 81.