இரண்டு பேரில் ஒருவர்: ஈ.வெ.கி. சம்பத்

மலர்க் குழு நண்பர்கள், இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்குப் பயன்படுகிற மாதிரி ஒரு பெரியவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர் ‘சொல்லின் செல்வர்’ ஈ.வெ.கி. சம்பத். காரணம் இருக்கிறது. செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனில் ரயிலேறிப் படித்து, பிறகு ஆவடி தொழிற்சாலை, ரயில்வே, தபால் துறை என்று மத்திய அரசு வேலைக்குப் போனவர்கள் நம்மில் நிறையப் பேர். பரீட்சையை ஆங்கிலத்தில் எழுதித்தான் போனோம். இந்தி தெரியாதது நமக்குத் தடையாக இருக்கவில்லை. அந்த வசதி தானாக வந்துவிடவில்லை. அதற்காகப் பாடுபட்டவர்களில், 31 வயதில் லோக்சபாவுக்குப் போன இந்த இளைஞரும் ஒருவர்.

சம்பத் 1926 மார்ச் 5ஆம் தேதி ஈரோட்டில் பிறந்தார். பெரியாரின் அண்ணன் கிருஷ்ணசாமியின் மகன். பெரியாருக்குப் பிறகு இவர்தான் என்று பலரும் நினைத்திருந்தார்கள். ஆனால் 1949இல் இயக்கம் பிரிந்தபோது, சித்தப்பாவை விட்டு அண்ணாவின் பக்கம் போனார். சொத்தும் செல்வாக்கும் உள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு அது சின்ன முடிவா? 1953இல் மும்முனைப் போராட்டம் வந்தது. அதில் ராஜாஜியின் கல்வித் திட்டத்தை எதிர்த்து மறியல் நடத்தும் பொறுப்பு இவருக்கு வந்தது.

தி.மு.க. முதன்முதலாகத் தேர்தலில் நின்றது 1957இல். சட்டசபைக்கு 15 பேர், லோக்சபாவுக்கு இரண்டே பேர் ஜெயித்தார்கள். நாமக்கல்லில் சம்பத், திருவண்ணாமலையில் இரா. தர்மலிங்கம். ஏறக்குறைய ஐந்நூறு பேர் உட்கார்ந்திருக்கிற சபை. எதிரே பிரதமர் நேரு, பெரும்பான்மையோடு காங்கிரஸ். ரெண்டு பேர் போய் என்னத்தைப் பண்ணிவிட முடியும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

1959இல் மொழிப் பிரச்சினை சபையில் சூடு பிடித்தது. இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்று நேரு ஆகஸ்டில் உறுதி சொன்னார். ஆனால் 1960 ஏப்ரலில், இந்தியைப் படிப்படியாகக் கொண்டுவரும் ஜனாதிபதி உத்தரவு வந்தது. அப்படியென்றால் பிரதமர் சொன்ன உறுதி என்ன ஆயிற்று? சென்னைக்கு வரவிருந்த ஜனாதிபதி ராஜேந்திர பிரசாத்துக்குக் கறுப்புக்கொடி காட்டக் கழகம் தயாரானது. அந்த நேரத்தில்தான் நேருவிடமிருந்து சம்பத்துக்கு, முன்பு தந்த வாக்குறுதி மாறவில்லை என்று கடிதம் வந்தது. கறுப்புக்கொடித் திட்டம் கைவிடப்பட்டது. இரண்டு பேர் கொண்ட கட்சியின் இளைஞருக்கு, பிரதமர் எழுத்தில் பதில் தர வேண்டியிருந்தது. இதைத்தான் நம் மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

கடிதம் சட்டம் ஆகிவிடாது என்பதும் உண்மை. 1963 ஆட்சிமொழிச் சட்டம் ஆங்கிலம் தொடரலாம் என்றது. தொடரவேண்டும் என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல் மாணவர்களின் மனதில் சந்தேகத்தைக் கிளப்பியது. 1965இல் தெருவில் இறங்கினார்கள், உயிர்களும் போயின. 1967 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் ஆங்கிலத்துக்கு உறுதியான பாதுகாப்பு கிடைத்தது.

அதற்குள் சம்பத் கழகத்தில் இல்லை. திராவிட நாடு நடக்காத காரியம் என்று அவருக்குப் பட்டது. கட்சியில் சினிமாக்காரர்களின் செல்வாக்கு கூடிக்கொண்டே போனதும் பிடிக்கவில்லை. 1961 ஏப்ரலில் வெளியேறித் தமிழ்த் தேசியக் கட்சியைத் தொடங்கினார். கவிஞர் கண்ணதாசனும் உடன் போனார். 1962 தேர்தலில் தென்சென்னையில் நின்று தோற்றார். அதே தேர்தலில் தி.மு.க. சட்டசபையில் 50 இடங்களைப் பிடித்தது. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்: 1963இல், பிரிவினைக்கு எதிரான அரசியல் சட்டத் திருத்தம் வந்தபோது, தி.மு.க.வும் திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டது. ரெண்டு வருஷம் முந்திச் சொன்னவர் வெளியே நின்றார். 1964இல் தம் கட்சியைக் காங்கிரசோடு இணைத்தார். 1977 பிப்ரவரி 23இல் காலமானபோது வயது 51கூட நிறையவில்லை.

அவர் போன வழி எல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. அவருடைய அரசியலோடு ஒத்துப்போகாதவர்கள் நம் சங்கத்திலேயே உண்டு. ஆனாலும் சித்தப்பாவை விட்டு வந்தபோதும், அண்ணாவை விட்டு வந்தபோதும், லாபக் கணக்குப் போட்டிருந்தால் அவர் இருந்த இடத்திலேயே இருந்திருப்பார். அன்றைய லோக்சபாவில் ஒரே ஒரு தவணை, கூட இருந்தவர் ஒரே ஒருவர். அதை வைத்துக்கொண்டே ஒரு கேள்வியைக் கேட்டு, அதற்கு எழுத்தில் பதில் வாங்கினார்.

தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்கள் கும்மிடிப்பூண்டி கம்பெனியிலோ டெல்லி ஆபீஸிலோ நாலு பேருக்கு நடுவே தனியாக உட்கார வேண்டி வரலாம். ஆள் பலம் இல்லையே என்று வாயை மூடிக்கொள்ள வேண்டாம். விஷயத்தைத் தெரிந்துகொண்டு கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். நம் கல்லூரிக்கு அதைவிடப் பெருமை வேறில்லை.