சுவடி தந்தவரின் பேரன்: அயோத்திதாசரும் மரபுரிமை அரசியலும்

பழவேற்காட்டில் ஒன்றிய அரசின் சட்டப் பாதுகாப்பைப் பெற்றிருப்பது டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம். அதன் வாயிலில் 1656 என்ற ஆண்டும் இரு எலும்புக்கூட்டுச் சிற்பங்களும் உள்ளன. கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரிகளும் வணிகர்களும் அவர்தம் குடும்பத்தாரும் அங்கே செதுக்கப்பட்ட கற்களின்கீழ் உறங்குகின்றனர். 1958ஆம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் சட்டமும் 2010ஆம் ஆண்டின் திருத்தமும் சேர்ந்து, இத்தகைய சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானத்தைத் தடை செய்கின்றன. அதற்கப்பால் 200 மீட்டருக்கு ஒழுங்குபடுத்துகின்றன. இதே கரையிலிருந்து 17ஆம் நூற்றாண்டின் பஞ்ச காலங்களில் ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் விலைக்கு வாங்கப்பட்டு, அடிமைகளாகப் படேவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். வாங்கியவர்களுக்குக் கல்லறை உண்டு, சட்டம் உண்டு. விற்கப்பட்டவர்களுக்கு எதுவும் இல்லை. கல்லில் எழுதப்பட்டதையே சட்டம் சின்னம் என்கிறது. கல் வெட்டிக்கொள்ள வசதியற்றவர்கள் அதன் வரையறைக்குள் வருவதில்லை.

எவருடைய நினைவு நாட்டின் மரபாகிறது, எவருடையது ஆகவில்லை, அதை முடிவு செய்பவர் யார் என்ற இக்கேள்வியை நூறாண்டுகளுக்கு முன்பே தமிழில் வாரந்தோறும் எழுப்பியவர் அயோத்திதாசப் பண்டிதர். அவரைச் சித்த மருத்துவராகவும் பௌத்த மறுமலர்ச்சியாளராகவும் இதழாளராகவும் அறிந்திருக்கிறோம். மரபுரிமை பற்றிய சிந்தனையாளராக அவரை வாசிப்பது குறைவு. அவருடைய வாழ்க்கையை அந்தக் கோணத்தில் சொல்லிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1845 மே 20 அன்று பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். குடும்பம் சென்னையைச் சேர்ந்தது. அவருடைய இளமையின் பெரும்பகுதி நீலகிரியில் கழிந்தது. பாட்டனார் கந்தப்பன், ஹாரிங்டன் என்ற ஆங்கிலேயரிடம் பட்லராகப் பணிபுரிந்தவர். அயோத்திதாசர் பின்னாளில் பதிவு செய்துள்ளபடி, அந்த வீட்டில் பாதுகாக்கப்பட்டு வந்த திருக்குறள், நாலடி நானூறு ஆகியவற்றின் ஓலைச்சுவடிகளைக் கந்தப்பன்தான் தம் துரையிடம் ஒப்படைத்தார். அவர்வழி அவை எல்லிஸ் துரையைச் சென்றடைந்து அச்சேறின. குறளும் நாலடியும் 1812இல் சென்னையில் அச்சானதைப் பதிப்பு வரலாறு சொல்கிறது. சுவடி வந்த வீட்டைப் பற்றி அந்த வரலாறு நெடுங்காலம் மௌனம் காத்தது. தமிழின் தலைசிறந்த நூலைப் பறையர் வீடொன்று தலைமுறைகளாகக் காத்து வைத்திருந்தது என்பதை ஏற்றுக்கொண்டால், கல்வி யாரிடம் இருந்தது, யாரிடம் இல்லை என்று பள்ளியில் நாம் படித்த கதை முழுவதுமே ஆட்டம் காணும். பேரன் அதை உணர்ந்திருந்தார். தம் வாழ்நாள் முழுவதும் அவர் வாதிட்ட வழக்கின் முதல் சான்றாவணம் அந்தச் சுவடிதான்.

காத்தவராயன் தமிழும் மருத்துவமும் கற்றது அயோத்திதாச கவிராஜ பண்டிதர் என்ற ஆசிரியரிடம். ஆசிரியர்மீது கொண்ட மதிப்பால் அவர் பெயரையே தம் பெயராக்கிக்கொண்டார். வடமொழி, பாலி, ஆங்கிலம் ஆகியவற்றிலும் பயிற்சி பெற்றார். தொடக்கத்தில் அவர் அத்வைதி. 1870களில் நீலகிரியில் அத்வைதானந்த சபையை நடத்தினார். எல்லாம் ஒன்றே என்று உரைக்கும் தத்துவம் தெருவில் நடக்கும் உரிமையைக்கூடத் தராது என்பதைக் கண்டறிய அவருக்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

1881ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தபோது, ஒடுக்கப்பட்ட மக்களைச் சாதியற்ற பூர்வீகத் தமிழராகப் பதிவு செய்யுமாறு அவர் கோரினார். இது வெறும் பெயர்மாற்றக் கோரிக்கையன்று. ஆட்சியாளர் ஏட்டில் ஒரு மக்கள் எவ்வாறு எழுதப்படுகிறார்களோ அவ்வாறே பள்ளியிலும் நீதிமன்றத்திலும் நடத்தப்படுவார்கள் என்பதை அவர் கண்டுகொண்டார். 1885இல் ஜான் ரத்தினத்தோடு இணைந்து திராவிடப் பாண்டியன் இதழைத் தொடங்கினார். மறு ஆண்டு, தம் மக்கள் இந்துக்கள் அல்லர் என அறிவித்தார். 1891இல் திராவிட மகாஜன சபையை நிறுவினார்; அவ்வாண்டு டிசம்பர் 1 அன்று அதன் மாநாடு நீலகிரியில் கூடியது.

1892இல் சென்னை மகாஜன சபையின் கூட்டத்தில் நடந்தது அவருடைய வாழ்வில் ஒரு திருப்பம். சிவன், விஷ்ணு ஆலயங்களில் தம் மக்களையும் அனுமதிக்க வேண்டும் என்ற கோரிக்கையை அவர் முன்வைத்தார். கற்றறிந்த சபை கொதித்தெழுந்தது. உங்கள் குலத்துக்கு மதுரைவீரனும் காட்டேரியும் கருப்பண்ணனும் உண்டு. சிவனும் விஷ்ணுவும் உங்களுக்குரிய தெய்வங்கள் அல்லர் என்ற பொருளில் மறுமொழி கிடைத்தது. அப்படியானால் உங்கள் தெய்வங்கள் எங்களுக்கு வேண்டாம் என்று கூறிவிட்டு, ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியும் புறம்போக்கு நிலமும் கேட்டார் அயோத்திதாசர். பண்பாட்டுப் பங்கு மறுக்கப்பட்ட இடத்தில் பள்ளியையும் நிலத்தையும் கேட்டது தற்செயலன்று. அக்காலத்தில்தான் செங்கல்பட்டு மாவட்டப் பறையர்களின் நிலையைப் பற்றிய திரமென்ஹீரின் அறிக்கை அரசின் முன் இருந்தது; அதன் வழியே பஞ்சமி நில ஆணை 1892இல் பிறந்தது. பழவேற்காடு அடங்கிய பொன்னேரி வட்டம் அன்று அந்த மாவட்டத்தைச் சேர்ந்ததுதான்.

கோயில் கதவு மூடிய பிறகு அவர் வேறொரு கதவைத் தட்டவில்லை. அந்த நிலமே முன்பு யாருடையது என்று கேட்டார். 1898இல் கர்னல் ஆல்காட்டின் துணையோடு இலங்கை சென்று, கொழும்பில் சுமங்கல நாயக தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பி வந்து இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். கோலார் தங்கவயல், பெங்களூர், ரங்கூன், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் எனத் தமிழ்த் தொழிலாளர் சென்ற இடமெல்லாம் சங்கம் கிளை பரப்பியது. சென்னை மீனவர் சமூகத்தில் பிறந்த வழக்கறிஞர் சிங்காரவேலரும் பேராசிரியர் லட்சுமி நரசுவும் அக்காலப் பௌத்த முயற்சிகளில் முன்னின்றவர்கள். அவர்களோடு அயோத்திதாசருக்குப் பின்னர் கருத்து மோதல்கள் எழுந்தன, அது தனிக்கதை.

1907 ஜூன் 19 அன்று ஒரு பைசாத் தமிழன் வார இதழ் வெளிவந்தது. ஓராண்டுக்குப் பின் தமிழன் எனப் பெயர் சுருங்கியது. ஏறத்தாழ ஏழாண்டுகள், இறக்கும்வரை, அதை அவரே நடத்தினார். இந்த இதழின் பக்கங்களில்தான் அவருடைய மரபுரிமை ஆய்வு முழு உருப்பெற்றது. தீபாவளி அசுரவதை விழாவன்று, எள்ளிலிருந்து நெய் கண்டறியப்பட்டதைக் கொண்டாடிய பௌத்தர்களின் நாள். கார்த்திகை தீபம் ஆமணக்கு நெய் கண்ட நாள். போகி, புத்தரின் பரிநிருவாணத்தை நினைவுகூரும் போதிப் பண்டிகை. திருக்குறளைத் திரிபிடகத்தோடு இணைத்துத் திரிக்குறள் என்றார். பறையர் என்ற சொல்லே, வேடதாரிகளின் பொய்யைப் பறைந்தவர் என்ற பொருளில் வந்தது என்றார். இந்திரர் தேச சரித்திரத்தில் ஒரு முழு நாட்டின் கடந்த காலத்தையும் இவ்வாறே திருப்பி எழுதினார். புத்தரது ஆதிவேதத்தை 1912இல் வெளியிட்டார்.

இவற்றில் பல சொற்பிறப்பு விளக்கங்கள் மொழியியலில் நிற்கமாட்டா. பல நிகழ்வுகளுக்குக் கல்வெட்டோ பிற சான்றோ இல்லை. அதை ஒப்புக்கொள்வதில் நமக்குத் தயக்கம் தேவையில்லை. ஆனால் தலபுராணங்களை வரலாறாக ஏற்றுக் கோயில் நிலங்களுக்குப் பட்டா வழங்கிய ஒரு நாட்டில், சேரியிலிருந்து எழுந்த புராணத்திடம் மட்டும் கல்வெட்டுச் சான்று கேட்பது எப்படி நேர்மையாகும்? பண்டிகை என்பது எல்லோருக்கும் பொதுவான மரபு, எல்லோரும் அதைப் பொருள்கொள்ளும் உரிமை உடையவர்கள் என்பதே அவருடைய வாதத்தின் உயிர். பிறர் வகுத்த விழாவில் ஓரமாக நிற்க இடம் கேட்பது வேறு. அந்த விழாவின் பொருளை வகுக்கும் அவையில் இருக்கை கேட்பது வேறு. அயோத்திதாசர் கேட்டது இரண்டாவதை. பண்பாட்டில் சனநாயகம் என்று நாம் இன்று பேசுவது இதைத்தான்.

சேலம் தலைவெட்டி முனியப்பன் வழக்கு இதற்கு ஓர் அண்மைச் சான்று. முனியப்பனாக வழிபடப்பட்டு, இந்து சமய அறநிலையத் துறையின் பொறுப்பில் இருந்த சிலை புத்தருடையது என்று 2011இல் வழக்குத் தொடரப்பட்டது. தொல்லியல் துறையின் ஆய்வு அதை உறுதி செய்தது. 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், அச்சிலையைத் தொடர்ந்து முனியப்பனாக நடத்த முடியாது எனக் கூறி, இடத்தைத் தொல்லியல் துறையிடம் ஒப்படைக்க ஆணையிட்டது. தமிழன் இதழ் சொல்லிவந்த ஒன்றை நீதிமன்றம் ஏற்க ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஆகியிருக்கிறது.

1914 மே 5 அன்று அயோத்திதாசர் காலமானார். இதழைச் சிறிது காலம் மகன் பட்டாபிராமன் நடத்தினார். 1926 முதல் 1930களின் நடுப்பகுதிவரை கோலார் தங்கவயலிலிருந்து அப்பாதுரையார் அதை வெளிக்கொணர்ந்தார். பிறகு நீண்ட மறதி. திராவிட இயக்க வரலாறுகளும் தேசிய இயக்க வரலாறுகளும் அவரை ஓரிரு வரிகளில் கடந்தன. தமிழன் இதழ்களைக் காத்தது எந்த அரசு ஆவணக் காப்பகமும் அன்று. பௌத்தக் குடும்பங்களும் அன்பு பொன்னோவியம் போன்ற ஆர்வலர்களும்தான். ஓலைச்சுவடிக்கு நேர்ந்தது போலவே அச்சிட்ட தாளுக்கும் நேர்ந்தது: வீடு காத்தது, நிறுவனம் கைவிட்டது. 1999இல் ஞான. அலாய்சியசு தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த பின்னரே தமிழ்ச் சூழல் அவரை மீண்டும் வாசிக்கத் தொடங்கியது. 2005இல் அஞ்சல்தலை வந்தது. தாம்பரம் தேசியச் சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்குகிறது. 2023 டிசம்பர் 1 அன்று கிண்டியில் சிலையோடு மணிமண்டபம் திறக்கப்பட்டது. மகிழ்ச்சிதான். சிலை வைப்பது அரசுகளுக்கு எளிது. சுவடியும் இதழும் காக்கும் மக்கள் காப்பகத்துக்கு நிதி ஒதுக்குவது அவ்வளவு எளிதாக நடப்பதில்லை.

அவரைக் கொண்டாடும்போது ஒன்றை மறைக்கலாகாது. பஞ்சமர் என்ற அரசின் வகைப்பாட்டை அவர் கடுமையாக எதிர்த்தார். எதிர்ப்பில் நியாயம் இருந்தது. காரணங்களுள் ஒன்றில் நியாயம் இல்லை. பூர்வ பௌத்தரான தம் மக்களைச் சக்கிலியர், தோட்டிகள், குறவர், வில்லியர் ஆகியோரோடு ஒரே பெயரின்கீழ் சேர்க்கலாகாது என்று அவர் எழுதினார். உயர்ந்த கடந்த காலத்தை மீட்டவர், அந்தக் கடந்த காலத்துக்குள் வேறு சிலரை அனுமதிக்கவில்லை. பழம்பெருமையை அடித்தளமாகக் கொள்ளும் எந்த மரபுரிமை அரசியலும் சறுக்கும் இடம் இது. பெருமை இருந்தவர்க்கே உரிமை என்றால், பெருமை கூறச் சுவடி இல்லாதவர் என்ன செய்வார்?

வில்லியர் என்றும் அழைக்கப்படும் இருளர் பழவேற்காட்டுக் கரையில் இன்றும் வாழ்கிறார்கள். இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்து, வாயில் கவ்விய பறியில் இடும் பெண்களை அங்கே காணலாம். அவர்களுக்கு ஏரியில் பாடு கிடையாது. பாடு என்பது ஏரியின் எந்தப் பகுதியில் எவர், எந்த நாளில் வலைபோடுவது என்பதைத் தலைக்கட்டு வாரியாக முறைவைத்துப் பகிரும் ஏற்பாடு. அளவுக்கு மீறிய பிடிப்பைத் தடுக்கும் அறிவு அதில் உண்டு; ஊர் கூடி முடிவெடுக்கும் பழக்கம் உண்டு. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்து மீனவர்கள் தங்கள் வழக்காற்று உரிமையை முன்வைப்பது முற்றிலும் நியாயமானது. ஆயினும் பாடு உரிமை வழிவழியாகப் பட்டினவர் ஊர்களுக்கே உரியதாயிருந்தது. ஏரியையே நம்பி வாழும் பட்டியல் சாதியினரும் இருளரும் அந்த முறைக்கு வெளியே நின்றனர். இதனால் மோதல்களும் எழுந்தன.

நாளை இந்தப் பாடு முறையை மரபுரிமையாகப் பதிவு செய்யும் முயற்சி வருமானால், வழக்கறிஞர்கள் பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு. அரசமைப்புச் சட்டத்தின் 13ஆம் பிரிவு வழக்காற்றையும் சட்டமாகவே கருதி, அது அடிப்படை உரிமைக்கு முரணாகும் அளவுக்குச் செல்லாது என்கிறது. தனக்கெனப் பண்பாடு உடைய எந்தப் பிரிவினருக்கும் அதைக் காத்துக்கொள்ளும் உரிமையைத் தரும் 29ஆம் பிரிவை இதனோடு சேர்த்தே படிக்க வேண்டும். இந்தியா 2005இல் ஏற்புறுதி அளித்த, கட்புலனாகா மரபுரிமை குறித்த 2003ஆம் ஆண்டின் யுனெஸ்கோ உடன்படிக்கையும், மனித உரிமைகளுக்கும் சமூகங்களின் பரஸ்பர மதிப்புக்கும் இயைந்த மரபை மட்டுமே தன் வரையறைக்குள் ஏற்கிறது. பதிவில் அந்தந்தச் சமூகத்தின் பங்கேற்பையும் கோருகிறது. அங்கே சமூகம் என்பது ஊர்ப் பஞ்சாயத்து மட்டுமா, பறியைக் கவ்வி நீரில் நிற்கும் பெண்ணும் அதில் அடக்கமா என்பதை, பதிவுக்கு விண்ணப்பம் எழுதும் நாளிலேயே கேட்டாக வேண்டும். மொரிசியசில் ஒப்பந்தக் கூலிகள் கரையிறங்கிய அப்பிரவாசி காட் 2006இல் உலக மரபுரிமைச் சின்னமானது. கூலிகள் ஏறிய படிக்கட்டுகள் அங்கே காக்கப்படுகின்றன. பழவேற்காட்டில் அடிமைகள் ஏறிய துறைக்கு ஒரு பலகைகூட இல்லை. தொல்லியல் துறைக்கு மனு எழுதத் தொடங்குவோர், ஏரியில் உழைக்கும் எல்லாக் குடிகளின் கையொப்பமும் அதில் இருக்குமாறு பார்த்துக்கொள்ளலாம். வில்லியர் பெயரும் அதில் இருக்கட்டும்.