பதவியைத் துறந்த தலைவர் ஷுக்ரீ அல் குவ்வத்லி

பதவி என்பது ஓர் அமானிதம் என்று நாம் பல மேடைகளில் கேட்டிருக்கிறோம். அந்த அமானிதத்தைப் பெற்றவர்கள் வரலாற்றில் பலர். தம் கையாலேயே திருப்பி ஒப்படைத்தவர்கள் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர், சிரியா நாட்டின் குடியரசுத் தலைவராக இருமுறை விளங்கிய ஷுக்ரீ அல் குவ்வத்லி ஆவார்.

திமிஷ்க் எனப்படும் டமாஸ்கஸ் நகரில், வணிகக் குடும்பமொன்றில் 1891ஆம் ஆண்டு அவர் பிறந்தார். இஸ்தான்புல்லில் உயர்கல்வி பயின்றார். உதுமானிய ஆட்சியில் அரபு மக்களின் உரிமைக்காக இரகசியமாக இயங்கிய அல் ஃபதாத் சங்கத்தில் சேர்ந்து, 1916இல் சிறைப்பட்டார். சித்திரவதை தாளாமல் தோழர்களின் பெயர்களைச் சொல்லிவிடுவோமோ என அஞ்சித் தம் மணிக்கட்டை அறுத்துக்கொண்டார். உடனிருந்த மருத்துவத் தோழர் அவரைக் காப்பாற்றினார். மார்க்கம் அனுமதியாத செயல் அது. எனினும் நம்பியவரைக் காட்டிக்கொடுக்க மறுத்த அந்த உள்ளத்தை நாம் மறுத்தற்கில்லை.

1920இல் டமாஸ்கஸைக் கைப்பற்றிய பிரெஞ்சு ஆட்சி அவருக்கு மரணதண்டனை விதித்தது. நெடுங்காலம் அயல்நாடுகளில் அலைந்து தாயகம் திரும்பியவர், தேசியக் கூட்டணியின் முன்னணித் தலைவரானார். 1943இல் நாடு அவரைக் குடியரசுத் தலைவராக்கியது. 1945 மே 29 அன்று பிரெஞ்சுப் படை டமாஸ்கஸைக் குண்டுகளால் தாக்கியது. நாடாளுமன்றமும் அதற்குத் தப்பவில்லை. ஆயினும் தலைவர் பணியவில்லை. மறு ஆண்டு அந்நியப் படைகள் முற்றும் வெளியேற, ஏப்ரல் 17 சிரியாவின் விடுதலைத் திருநாளாயிற்று.

புகழின் உச்சியில் அவரும் இடறினார். இரண்டாம் முறை பதவி வகிப்பதற்காக அரசமைப்புச் சட்டம் திருத்தப்பட்டது. 1948 பாலஸ்தீனப் போரின் தோல்வி மக்களின் சினத்தைக் கிளறியது. 1949 மார்ச் 30 அன்று படைத்தளபதி ஹுஸ்னி அல் ஸயீம் ஆட்சியைக் கவிழ்த்தார். குவ்வத்லி எகிப்தில் தஞ்சம் புகுந்தார்.

1955இல் நாடாளுமன்றம் மீண்டும் அவரையே தலைவராகத் தேர்ந்தது. 1958 தொடக்கத்தில் சிரிய இராணுவ அதிகாரிகள் கெய்ரோ சென்று, எகிப்துடன் ஒன்றிணைய வேண்டுமென அதிபர் நாஸரிடம் கோரினர். அரபு ஒற்றுமை குவ்வத்லியின் வாழ்நாள் கனவன்றோ! பிப்ரவரி 1 அன்று ஐக்கிய அரபுக் குடியரசு அறிவிக்கப்பட்டது. ஒருகாலத்தில் பதவிக்காகச் சட்டம் திருத்த இசைந்தவர், இப்போது பதவியையே விட்டு விலகினார். முதல் அரபுக் குடிமகன் என்னும் பட்டம் மட்டுமே அவருக்கு எஞ்சியது.

ஆனால் நிகழ்ந்தது வேறு. சிரியாவில் அரசியல் கட்சிகள் கலைக்கப்பட்டன. அதிகாரமெல்லாம் கெய்ரோவில் குவிந்தது. 1961 செப்டம்பர் 28 அன்று டமாஸ்கஸில் நிகழ்ந்த இராணுவப் புரட்சியால் இணைப்பு முறிந்தது. தாம் கட்டிய மாளிகையின் சரிவைக் குவ்வத்லியே ஆதரித்து நிற்க நேர்ந்தது. 1963இல் பாஸ் கட்சியினர் ஆட்சியைப் பிடித்தபின் பெய்ரூத்தில் வாழ்ந்தார். 1967 ஜூன் போரில் அரபு நாடுகள் தோல்வியுற்ற சில வாரங்களில், ஜூன் 30 அன்று அங்கேயே காலமானார். பிறந்த மண்ணான டமாஸ்கஸ் அவரைத் தன் மடியில் ஏற்றது.

இவ்வாழ்விலிருந்து நாம் பெறும் படிப்பினை யாது? அமானிதத்தைத் துறப்பது பெருந்தன்மை. அதனை எவரிடம், எந்த நிபந்தனையுடன் ஒப்படைக்கிறோம் என்று ஆராய்வது கடமை. கலந்தாலோசனை இல்லாத ஒற்றுமை நிலைப்பதில்லை. நாளை பொறுப்புகளை ஏற்கவிருக்கும் மாணவச் செல்வங்கள் இதனை நெஞ்சில் நிறுத்துவார்களாக.