இலக்கியம் பயின்றவர் எழுப்பிய ஆய்வுக்கூடம்

பத்தாம் வகுப்பு முடிந்ததும் எந்தப் பிரிவில் சேர்வது என்பதே இப்போது எங்கள் வகுப்பில் ஓயாத பேச்சு. கணக்கு வந்தால் அறிவியல், வராவிட்டால் கலைப் பிரிவு என்று பெரியவர்களே பங்கு போட்டு விடுகிறார்கள். இந்தப் பங்கீட்டிற்கு அடங்காத ஒருவர் நம் காரைக்குடிக்கு அருகிலேயே பிறந்தார்.

வள்ளல் அழகப்பச் செட்டியார் 1909-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் கோட்டையூரில் தோன்றினார். சென்னை மாநிலக் கல்லூரியில் அவர் எம்.ஏ. பட்டம் பெற்றது ஆங்கில இலக்கியத்தில். பின் இலண்டன் சென்று பாரிஸ்டரானார். விமானம் ஓட்டவும் கற்றார். நாடு திரும்பி நூற்பாலை முதலிய தொழில்களில் பெரும்பொருள் ஈட்டினார்.

அப்பொருளை இலக்கியத்திற்கு மட்டும் கொடுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழாராய்ச்சிக்கு ஒரு லட்சம் ரூபாய் வழங்கிய அதே கைதான், 1944-இல் சென்னை கிண்டியில் தொழில்நுட்பக் கல்லூரி தோன்ற 5 லட்சம் ரூபாய் தந்தது. கணித மேதை இராமானுஜன் பெயரால் சென்னையில் ஓர் ஆய்வு நிலையமும் கண்டார்.

காரைக்குடியில் அவர் செய்தது இதனினும் பெரிது. 1947-இல் கலைக்கல்லூரி, 1950-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, 1952-இல் பொறியியல் கல்லூரி, மழலையர்க்கு மாண்டிசோரிப் பள்ளி என்று பொட்டல்வெளியில் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. பக்கத்திலேயே மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அமைவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அளித்தார். 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரி 14-இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். இரும்பு துருப்பிடிக்காமல் காப்பது, மின்முலாம் பூசுவது, மின்கலம் செய்வது என இன்றும் அங்கே ஆராய்ச்சி நடக்கிறது. கவிதை படிக்கும் மாணவரும் எந்திரம் பயிலும் மாணவரும் பாடம் நடத்தக் கற்கும் வருங்கால ஆசிரியரும் ஒரே சாலையில் நடந்து போகும்படி அவர் ஊரை அமைத்துவிட்டார். கல்வியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவதைவிட இது கடினம் என்பது எங்கள் எண்ணம்.

இத்தனையும் நல்ல உடல்நலத்தோடு செய்தவை என்று எண்ணிவிட வேண்டாம். இளமையிலேயே தொழுநோய் அவரைப் பற்றியது. அந்நாளில் அந்நோய் கண்டவரை உறவினரும் ஒதுக்கி வைப்பார்கள். அவரோ கொடுப்பதை நிறுத்தவில்லை. தாம் வாழ்ந்த மாளிகையையும் பெண்கள் கல்லூரிக்கென்று ஈந்தார். 1956-இல் பத்மபூஷண் விருது வந்தது. 1957 ஏப்ரல் 5-இல் அவர் மறைந்தார். மறுநாள் அவருக்கு 48 வயது நிறைந்திருக்கும்.